கவலைக்கு மாத்திரை இல்லை, கணக்கு உண்டு



சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் தோட்டத்து மருந்தகத்தில் கூட்டம் அதிகம். காய்ச்சலும் வெட்டுக்காயமும் எப்போதும் உள்ளவைதான். ஆனால் அந்த வாரத்தில் வருகிற நோய்கள் வேறு மாதிரி. "தலையைப் புடிச்சு இடிக்குதுங்க." "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "சாப்பிட்டது செரிக்கலே, வாயு மேலே ஏறுது." "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துட்டா, அப்புறம் பெரட்டு வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான்." நோய் பலவாக இருந்தாலும் எல்லாரும் கேட்கிற மருந்து ஒன்றே: "ஸ்டிராங்கா ஒரு மாத்திரை குடுங்க."

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பகுதி கவலையின் வேலை. அந்தக் கவலையில் ஒரு பெரிய பங்கு, தாங்க முடியாத அளவுக்கு நாமே தலையில் ஏற்றிக்கொண்ட சுமையிலிருந்து வருகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பது போன்றது.

கவலை உடம்பில் செய்கிற வேலை

"கவலை மனசுல இருக்கிறது, தலை ஏன் வலிக்கணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மரத்துக்கு மரம் நடக்கும்போது காலடியில் பாம்பு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் விறைக்கிறது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் பாய்ந்து, ஓடவோ அடிக்கவோ உடம்பைத் தயார் செய்கின்றன. சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிறது. வயிறு தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பாம்பு போனதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

தவணைக் கடிதம் அப்படிப் போகிற பாம்பு அல்ல. அது அலமாரியிலேயே இருக்கிறது. கூட்டுப் பணம் கேட்டு வருகிறவர் பக்கத்து லயத்திலேயே இருக்கிறார். ஆகவே உடம்பு அடங்குவதே இல்லை. கழுத்துத் தசை இறுகியே இருப்பதால் தலைவலி. வயிறு கெடுவதால் வாயு. இரவெல்லாம் காவல் காப்பதால் தூக்கம் இல்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஏற்கெனவே உள்ளவருக்கு அவற்றைக் கட்டுக்குள் வைப்பது இன்னும் கடினமாகிறது. நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு சொல்கிறது. ஆகவே இது நம் ஒவ்வொரு லயத்தையும் தொடுகிற விஷயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை வந்தால் "கவலையாலதான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். உடனே ஆளை அனுப்புங்கள், 999க்குப் போன் செய்யுங்கள். மாரடைப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் கவலையைப் பற்றிப் பேச வேண்டும்.

மாத்திரையும் போத்தலும்

பாராசிட்டமோல் நல்ல மருந்துதான். ஆனால் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவருக்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவருக்கு அந்த எட்டும் அதிகம், கல்லீரல் தாங்காது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளில் சில வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

போத்தலை நாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்சு குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. முதல் பாதி இரவு வரும். போதை இறங்கும்போது தூக்கம் கலையும். இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவது பல பேருக்கு அந்தச் சம்சுதான். விடிந்தால் கவலை அப்படியே இருக்கும், பையில் இருந்த பணம் மட்டும் குறைந்திருக்கும்.

அகலக் கால் வைப்பது எப்படி நடக்கிறது?

ஒரே நாளில் யாரும் அகலக் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு அங்குலமாகத்தான் கால் அகலுகிறது. ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவர் மட்டும் வேலை, வீட்டில் கைக்குழந்தை. 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, சொக்சோவுக்குக் கொஞ்சம். கையில் வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி.

இப்போது செலவைப் பாருங்கள். மோட்டார் தவணை 230. இரண்டு கூட்டு, ஒவ்வொன்றும் 200, ஆக 400. துணி துவைக்கும் இயந்திரம் 85. கைத்தொலைபேசி 95. பள்ளி வேன் 90. தங்கை மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு 300. கூட்டிப் பார்த்தால் 1,200 வெள்ளி. மீதி 300. ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி. அரிசி, சாமான், பால்மாவு, மின்சாரம், மோட்டாருக்கு எண்ணெய், மொய், கோயில் வரி எல்லாம் அந்தப் பத்து வெள்ளிக்குள்.

இவர் சூதாடவில்லை, ஊதாரியும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமான செலவு. "மாசம் 85 வெள்ளிதானே" என்று ஒன்றைப் பார்க்கும்போது மற்ற ஐந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பத்தாதபோது மூன்றாவது கூட்டில் சேருகிறார், முதல் ஏலத்திலேயே எடுத்து முன் கடனை அடைக்கலாம் என்று. அல்லது 2024ஆம் ஆண்டில் வந்த சேமநிதியின் மூன்றாம் கணக்கில் கை வைக்கிறார். அல்லது வட்டி முதலையிடம் போகிறார்.

கூட்டு பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற சொல் இருக்கிறது. நம் தாய்மார்களுக்குள் நம்பிக்கையின் பேரில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நடத்தியவர் ஓடிவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அந்தப் பயமும் சேர்ந்துதான் இரவு இரண்டு மணிக்கு எழுப்புகிறது.

வட்டிக் கணக்கும் பாருங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடை, ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. ஈடு வைத்தால் 12. ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 180. வாரத்துக்குப் பத்து விழுக்காடு கேட்கிற ஆலோங்கிடம் அதே ஆயிரத்துக்கு வாரம் 100, ஓர் ஆண்டில் 5,200 வெள்ளி வட்டி. அசல் ஆயிரம் அப்படியே நிற்கும்!

வாக்கும் ஒரு கடன்தான்

பணம் மட்டுமல்ல சுமை. "சரி" என்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கடன்தான். கோயில் திருவிழாக் குழுவில் பொருளாளர், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலவை, மச்சான் வீடு கட்டினால் சிமெண்டு தூக்க ஆள், ஓய்வு நாளில் இன்னொருவர் மரத்தையும் சேர்த்து வெட்டித் தருவதாக மண்டோரிடம் வாக்கு. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்றுதான்.

நம் தாய்மார்களின் நாளைக் கேட்கவே வேண்டாம். காலை நான்கு மணிக்கு அடுப்பு, பிறகு பெரட்டு, பிறகு வெளிக்காடு, மதியம் துணி, மாலை பிள்ளைகளின் பாடம், மாமியாருக்கு மருந்து, இரவு பாத்திரம். படுக்கும்போது மணி பத்து. பதினெட்டு மணி நேரம் நின்றாயிற்று. வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரம்பு வைத்தவர் யார்? தாய்மார்கள் "எனக்கு ஒண்ணுமில்லீங்க, லேசா மயக்கம்" என்று வந்தால், அது இரத்தச் சோகையா என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் இரண்டைக் கையில் வாங்கிக்கொள்வது வீட்டிலுள்ள ஆண்களின் வேலை. பாத்திரம் கழுவினால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடாது.

தூக்கம் இல்லாத ஆள் நீண்ட கம்பத்தில் செம்பனை அரிவாளைத் தூக்கிக்கொண்டு குலைக்குக் கீழே நிற்பதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் கண் சொக்கிக்கொண்டு மோட்டார் ஓட்டுவதை எண்ணிப் பாருங்கள். கவலை இப்படியும் ஆளைக் கொல்லும்.

கணக்கு போடுவது எப்படி?

பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்திருக்கும் கடன்தான் வீட்டில் மிகப் பெரிய கவலை. திட்டக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தில் கொடுக்க வேண்டிய பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்போது முடியும். அடுத்த பக்கத்தில் கொடுத்த வாக்குகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மனத்துக்குள் இருக்கும்போது நூறாகத் தெரிகிறது. எழுதினால் பன்னிரண்டோ பதினைந்தோதான் இருக்கும். எழுதியதும் பாதி பயம் இறங்கும்.

பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். இந்த வாரம் நான் ஏதாவது செய்ய முடியுமா, முடியாதா? முடியும் என்றால் என்ன செய்யப் போகிறீர்கள், எந்தக் கிழமை என்று எழுதுங்கள். முடியாது என்றால் அது சுமந்து பயனில்லாத கவலை. அதை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதுங்கள்.

பேங்க் கடன், மோட்டார் கடன் கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த நிலையம் அது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. கடிதம் வருமுன் நாம் போவது நல்லது. ஓடி ஒளிந்தால் கடனும் கவலையும் சேர்ந்து வளரும்.

புதிய சுமை ஏறாமல் இருக்க ஒரே ஒரு விதி: கேட்ட இடத்திலேயே "சரி" சொல்லாதீர்கள். "அண்ணே, வீட்டுல கலந்துக்கிட்டு நாளைக்குப் பெரட்டுல சொல்றேன்." இந்த ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள். இரவு நோட்டைத் திறந்து பாருங்கள். இடம் இருந்தால் சரி. இல்லை என்றால், "இந்த மாசம் என்னால முடியாதுண்ணே, தை மாசத்துக்கு அப்புறம் கேளுங்க" என்று உண்மையைச் சொல்லுங்கள். பொய்க் காரணம் சொன்னால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு கவலை சேரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்.

மொய் விஷயத்தில் ஒரு வீட்டுக்காரர் தனியாகக் குறைத்தால் "கஞ்சன்" என்று பேச்சு வரும். கிளைக் கூட்டத்தில் பேசி, நம் தோட்டத்தில் மொய் இவ்வளவுதான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

இரவுக்கு ஒரு வழி. மாலையில் விளக்கு வைத்த பிறகு கால் மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்குங்கள். நோட்டைத் திறந்து, அன்றைக்குப் புதிதாக வந்த கவலையை எழுதி மூடுங்கள். படுக்கையில் அது மறுபடி வந்தால், "உனக்கு நாளைக்கு மாலை நேரம் இருக்கு" என்று சொல்லித் தள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இரண்டு வாரம் செய்து பாருங்கள். கூடவே மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். பத்து முறை. நெஞ்சுப் படபடப்பு தணியும். மாலை நாலு மணிக்கு மேல் கோப்பியையும் கட்டித் தேநீரையும் விட்டுவிடுங்கள்.

"சம்பளம் பத்தாததுக்கு நோட்டுப் புத்தகமா?"

இப்படி ஒரு தோழர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்விதான். பத்தாத சம்பளத்தை எந்த நோட்டிலும் பெருக்க முடியாது. மழை பெய்தால் பால் இல்லை, குலை குறைந்தால் காசு குறைவு என்ற பயத்தை எந்த மூச்சுப் பயிற்சியும் போக்காது. அறுபது வயதில் ஓய்வு, அதன்பின் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், எங்கே போவது என்ற கவலைக்கு மருந்தகத்தில் என்ன மருந்து இருக்கிறது? தொழிலாளியைப் பார்த்து "கவலைப்படாதே, சிக்கனமாக இரு" என்று மட்டும் உபதேசம் செய்கிறவர்களோடு நான் சேர்ந்தவன் அல்லன்.

ஆனால் ஒன்றைச் சொல்வேன். அந்தக் கவலைகளைத் தனி ஆளாகச் சுமப்பதால்தான் அவை நோயாகின்றன. சம்பளமும் வீடும் சங்கத்தின் சுமை, எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டியவை. அதற்கும் உங்கள் நோட்டு உதவும். "எங்க ஆளுங்களுக்குப் பத்தலே" என்று பேச்சுவார்த்தையில் சொல்வது வேறு, பத்துக் குடும்பத்தின் உண்மைக் கணக்கை மேசைமேல் வைப்பது வேறு. நிர்வாகம் எண்களுக்குத்தான் பதில் சொல்லும். உங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் மானத்தைக் குறைக்காது, அது உங்கள் சங்கத்தின் ஆயுதம்.

கவலை நோயாகிவிட்டால்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லை, தூக்கம் இல்லை, பசி இல்லை, காரணமில்லாமல் அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் இருக்கிறது என்றால் அது வெறும் கவலை அல்ல. மனச்சோர்வு என்னும் நோய். இது பேய் பிடித்ததோ செய்வினையோ கோழைத்தனமோ அல்ல. 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த இந்நோய் 2023 ஆய்வில் 4.6 விழுக்காடாக, சரியாக இரு மடங்காக, உயர்ந்திருக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். மருந்து கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் "ஒண்ணும் கேக்கலே" என்று நிறுத்தாதீர்கள். டாக்டர் விடுப்புக் கொடுத்தால் எடுங்கள். வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு ஆண்டு முடிந்தால் 18 நாளும், ஐந்து ஆண்டு முடிந்தால் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை.

யாராவது உயிரை விடுவது பற்றிப் பேசினால், "சும்மா பயமுறுத்துறான்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "அப்படி நினைப்பு வருதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முன்பு போலீசுக்குப் பயந்து குடும்பங்கள் இதை மறைத்தன. உயிரை மாய்க்க முயல்வதைக் குற்றமாக்கிய 309ஆம் சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி மறைக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. இந்த எண்களை வெட்டிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

தோழர்களே, மருந்தகத்துக்கு வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தலை வலித்தால் வாருங்கள், அழுத்தம் பார்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன். ஆனால் அடுத்த முறை வரும்போது, மாத்திரை கேட்குமுன் நோட்டு எழுதியாயிற்றா என்று நான் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த இதழில் நீரிழிவுக்காரர் கால் புண்ணைப் பற்றி எழுதுகிறேன். அதுவரை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள்: வீட்டில் இருவருமாக உட்கார்ந்து அந்த இரண்டு பக்கங்களை எழுதி முடியுங்கள்.